உப்பும் சர்க்கரையும் ஒரு சொம்புத் தண்ணீரும்

(அவிநாசிபாளையத்தில் தம்பதிகள் கூட்டத்தில் நிகழ்த்திய குடும்ப நலப் பேச்சு)



தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய காரியமல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எந்த ஊர், என்ன சாதி என்று நாம் கேட்பதில்லை. பந்தல் போட்டு நீர்மோர் கொடுக்கிறோம். சித்திரை வெயிலில் வாசலில் வந்து நிற்கிறவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மோந்து கொடுக்கிறோம். கொங்கு நாட்டின் பழக்கம் இது. இன்றைக்கு நான் சொல்லப் போவதும் ஒரு சொம்புத் தண்ணீர் சமாச்சாரந்தான். அந்தத் தண்ணீரில் அளவாக உப்பும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால், முன்பின் தெரியாத ஒருவரின் உயிரையே அது காப்பாற்றும். நம் வீட்டுக் குழந்தையையும் காப்பாற்றும்.

நம் ஊர் முன்போல இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கோவை - திருச்சி சாலையும் திருப்பூர் - தாராபுரம் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறோம். பனியன் கம்பெனி, விசைத்தறி, நூல் மில், கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு என்று எங்கே பார்த்தாலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். சிலர் மனைவி மக்களோடு வந்து லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். காலையில் அவர்கள் வேலைக்குப் போவதைப் பார்க்கிறோம், மாலையில் மளிகைக் கடையில் பார்க்கிறோம். பெயர் தெரியாது, பாஷை புரியாது. அதோடு நம் பழக்கம் முடிந்துவிடுகிறது.

இப்போது ஒரு இரவை மனதில் நினைத்துப் பாருங்கள். மணி பத்து. லைன் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காலையிலிருந்து வயிற்றால் போகிறது. பொழுது சாய வாந்தியும் சேர்ந்துகொண்டது. புருஷன் நைட் ஷிப்டில் இருக்கிறான். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆஸ்பத்திரி எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாது. 'தண்ணீர் குடித்தால் இன்னும் போகும்' என்று ஊரில் மாமியார் சொன்னது ஞாபகம் வருகிறது. குழந்தை தண்ணீருக்கு அழுதாலும் கொடுக்காமல் மடியில் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையின் கண் உள்ளே போகிறது, நாக்கு வறண்டு போகிறது, அழுகைச் சத்தமும் குறைகிறது. அழுகை நின்றதும், 'தூங்கிவிட்டது' என்று அவள் நினைக்கிறாள்.

அது தூக்கமல்ல, அம்மா. உடம்பிலுள்ள தண்ணீரெல்லாம் வடிந்து போய் வரும் மயக்கம். பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் இந்த வறட்சிதான். நீரும் உப்பும் வெளியே போய்க்கொண்டே இருக்க, உள்ளே ஒன்றும் போகாவிட்டால், சின்ன உடம்பு சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் குடியிருந்தால் என்ன செய்வீர்கள்? 'நமக்கெதுக்கு வம்பு, நான் என்ன டாக்டரா?' என்றுதான் பலருக்கும் தோன்றும். டாக்டர் இல்லாதவர்களே ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய ஒரு உண்மை வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1971-ஆம் வருஷம். அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்து, அந்த வருஷமே வங்கதேசமாகப் பிரிந்த நாட்டில் பெரும் யுத்தம் நடந்தது. உயிருக்குப் பயந்து சுமார் ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் எல்லையோரம் பன்கான் என்று ஒரு ஊர். அங்கே அகதி முகாம்களில் மழையும் சேறும் நெரிசலும். நல்ல தண்ணீர் இல்லை. காலரா பிடித்துக்கொண்டது. காலரா வந்தால் அரிசி கழுவிய தண்ணீர் போலப் பேதி கொட்டும். கவனிக்காவிட்டால் ஒரே நாளில் ஆளைத் தீர்த்துவிடும்.

கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் தம் குழுவோடு அங்கே போனார். ஆஸ்பத்திரியில் படுக்கை போதாமல் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். வாந்தியிலும் மலத்திலும் மண்டியிட்டுத்தான் ஊசி போட வேண்டியிருந்தது. காலராவுக்கு அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் நரம்பு வழியாக ஏற்றும் சலைன் பாட்டில். அந்தப் பாட்டில் போதவில்லை. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் குழுவில் இரண்டு பேர்தான். வந்த இரண்டு நாளிலேயே, இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்போது அவர் ஒரு முடிவு எடுத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுத்தே காலராவைச் சமாளிக்கலாம் என்று அதற்கு முன்பே சில ஆராய்ச்சிகள் வந்திருந்தன. 1953-லேயே கல்கத்தாவில் டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 நோயாளிகளுக்கு இப்படிக் கொடுத்து எழுதியிருந்தார். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு டாக்டர்கள் அளவோடு கொடுத்துக் காட்டியிருந்தார்கள். ஆனால் அதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள், தேர்ந்த ஆட்களின் கண்காணிப்பில் நடந்தது. முகாமில், படிப்பறிவில்லாதவர்கள் கையில் கொடுத்தால் நடக்குமா என்பது யாருக்கும் தெரியாது. பெரிய வைத்தியர்கள் பலருக்கு நம்பிக்கையும் இல்லை. மஹலனாபிஸ் துணிந்தார். சும்மா இருந்தால் சாவு நிச்சயம் என்னும்போது வேறு வழி ஏது?

கல்கத்தாவில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்ற அளவில் எடை போட்டுப் பிளாஸ்டிக் பைகளில் கட்டினார்கள். பன்கானில் அதைப் பெரிய டிரம்களில் கரைத்து, அடியில் குழாய் வைத்துவிட்டார்கள். நோயாளியின் தாய், தகப்பன், அண்ணன், தம்பி யாராக இருந்தாலும் குவளையில் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து புகட்டினார்கள். சலைன் பாட்டிலை, குடிக்கவே முடியாத நிலையில் இருந்தவர்களுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். சனங்கள் முதலில் நம்பவில்லை. 'ஊசிதான் மருந்து, உப்புத்தண்ணீர் மருந்தா?' என்று கேட்டார்கள். அதனால் இதற்கு 'வாய் வழி சலைன்' என்று பெயர் வைத்துச் சொன்னார்கள். பிறகு வாங்கிக் குடித்தார்கள்.

பலன் என்ன? முதலில் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. சுமார் இரண்டு மாதத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. கொடுத்த கைகளில் பெரும்பாலானவை வைத்தியம் படிக்காத கைகள்.

1978-ல் 'லான்செட்' என்ற இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. உலக சுகாதார நிறுவனம் இதை எல்லா நாடுகளுக்கும் கொண்டு போயிற்று. நம் துணை சுகாதார நிலையத்தில் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான். டாக்டர் மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் தம் 87-ஆம் வயதில் காலமானார். 2023-ல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வளவு சாதாரணப் பொருளுக்கு எப்படி இந்தச் சக்தி? விஞ்ஞானம் சொல்லும் காரணம் எளிது. பேதியின்போது குடல் நீரை வெளியே தள்ளுகிறது. வெறும் தண்ணீரும் வெறும் உப்பும் அந்த நேரத்தில் சரியாக உள்ளே ஏறுவதில்லை. ஆனால் குடல் சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு. உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். பேதி நேரத்திலும் அந்தக் கதவு கெட்டுப் போவதில்லை. அவை இரண்டும் உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். குடித்தனம் மாதிரிதானுங்க: ஒருவர் மட்டும் இழுத்தால் வண்டி நகராது, இருவரும் சேர்ந்தால் ஓடும்.

இந்த உவமையை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இந்தக் கரைசலைச் சொல்லிக் கொடுத்தது. மூன்று விரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் அளவுத் தண்ணீர். அந்த ஊர்ப் பெண்கள் இப்படித்தான் கற்றார்கள். ஊழியர் எத்தனை வீடு போனார் என்பதை மட்டும் பார்த்துச் சம்பளம் கொடுக்கவில்லை. பிறகு வேறொருவர் போய், அந்தத் தாய் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாள், சரியாகக் கலக்கிறாளா என்று சோதித்த பிறகே கூலி. ஆனாலும் முதலில் பல வீடுகளில் கற்றுக்கொண்டதைச் செய்யவில்லை. காரணம், ஆண்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. பிறகு சந்தையிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். அதனால்தான் இன்றைக்கு உங்களையும் ஜோடியாக வரச் சொன்னேன். 'அது பொம்பளை சமாச்சாரம்' என்று பின்வரிசையில் இருக்கும் மாமன்மார்கள் எழுந்துவிடக் கூடாது. இரவு பத்து மணிக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இனி முறையைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள்.

முதலில் பொட்டலம். துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓ.ஆர்.எஸ். இலவசம். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு இரண்டு பொட்டலம் வாங்கி, அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் எப்போதும் வைத்திருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும். ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான், முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியைக் கொட்டிப் பாதித் தண்ணீரில் கலக்கும் வேலை வேண்டாம், அளவு தவறிவிடும். பால், டீ, குளிர்பானம் எதிலும் கலக்கக் கூடாது. கூடுதலாகச் சர்க்கரையும் போடக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் நல்லது. அது இல்லாத அவசரத்தில், வீட்டில் குடிக்கிற சுத்தமான தண்ணீரில் கலக்குங்கள், நேரத்தை வீணாக்காதீர்கள்.

பொட்டலம் கையில் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர், சர்க்கரை தலை தட்டி ஆறு டீஸ்பூன், உப்பு தலை தட்டி அரை டீஸ்பூன். இவ்வளவுதான். ஒரு லிட்டருக்குக் கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில் ஒன்றே அளவு. கலக்கியதும் நீங்களே ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகம் உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும். 'இன்னும் கொஞ்சம் போட்டால் தெம்பு வரும்' என்ற தாராளம் இங்கே வேண்டாம். கலக்கியதை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் உபயோகியுங்கள். மீந்தால் கொட்டிவிடுங்கள்.

கடையில் டப்பாவில் விற்கிற இனிப்பு ஜூஸ்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டிருக்கிறது.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் கேட்கிற மட்டும். சின்னக் குழந்தைக்கு ஸ்பூனால் ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கொடுங்கள். மொடமொடவென்று குடித்தால் வாந்தி வரும். வாந்தி எடுத்தால் பயப்பட வேண்டாம். பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். வாந்தியில் போனது போக உள்ளே தங்குவதும் உண்டு.

தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வயிற்றைக் காயப்போடாதீர்கள். கஞ்சி, குழைந்த சாதம், தயிர்சாதம், வாழைப்பழம் கொடுக்கலாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்கு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சுகாதார நிலையத்தில் கொடுக்கிற துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுங்கள். பேதி நின்றுவிட்டதே என்று மூன்றாம் நாள் விட்டுவிடக் கூடாது. அது குடலைத் தேற்றும், மறுபடி வராமல் தடுக்கவும் உதவும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தக் கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. 'கொடுத்தும் போகிறதே' என்று பலர் பாதியில் கைவிடுவது இதனால்தான். பேதி நிற்கச் சில நாளாகும். அதுவரை குழந்தை வறண்டு போகாமல் காப்பதே இதன் வேலை. போகிற அளவுக்கு உள்ளே ஊற்றிக்கொண்டே இருந்தால் நாம் ஜெயித்தோம்.

எப்போது ஆஸ்பத்திரி? குழந்தை குடிக்க முடியாமல் போனால், மயங்கிக் கிடந்தால், கண் உள்ளே போனால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் வந்தால், பல மணி நேரம் ஒன்றுக்குப் போகாவிட்டால், விடாமல் வாந்தி எடுத்தால், காய்ச்சல் அதிகமானால் தாமதமே கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். குடிக்க முடிகிற குழந்தைக்கு வழி நெடுகக் கரைசல் கொடுத்துக்கொண்டே போங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு என்றால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது அந்த லைன் வீட்டுக்கு வருவோம். பாஷை தெரியாதே, எப்படிச் சொல்வது? மூன்று சொல் போதுமுங்க. தண்ணீருக்கு இந்தியில் 'பானி', உப்புக்கு 'நமக்', சர்க்கரைக்கு 'சீனி'. சீனி என்பது நம் தெற்கத்திக்காரர்கள் சொல்கிற அதே சொல்தான். கொஞ்சம் கொஞ்சமாக என்பதற்கு 'தோடா தோடா'. ஓ.ஆர்.எஸ்., டாக்டர் என்பவை எந்தப் பாஷையிலும் அவையேதான். அவள் கண் முன்னாலேயே கலக்குங்கள். அவள் சந்தேகப்படலாம், அதில் தப்பில்லை. யாரோ ஒருத்தர் கொடுப்பதைப் பிள்ளைக்குப் புகட்ட எந்தத் தாய்தான் யோசிக்க மாட்டாள்? அதனால் முதல் வாய் நீங்களே குடித்துக் காட்டுங்கள். பிறகு ஸ்பூனை அவள் கையில் கொடுங்கள். புகட்டுவது அவளாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். வீட்டுக்காரர் 108-ஐ அழைத்து, இடம் அடையாளம் சொல்லட்டும். அந்தக் குழந்தையின் தகப்பனுக்குக் கம்பெனி வழியாகத் தகவல் போகட்டும். விடிந்ததும் சுகாதார நிலையத்தைக் காட்டுங்கள். வெளிமாநிலக் குழந்தை என்று அங்கே யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ரோட்டா வைரஸ் பேதிக்கான சொட்டு மருந்து உட்பட எல்லாத் தடுப்பு மருந்தும் அந்தக் குழந்தைக்கும் இலவசம். ரோட்டா மருந்து ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரங்களில் கொடுக்க வேண்டியது.

இதில் நம் சுயநலமும் இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். பேதிக் கிருமிக்கு ஊர் எல்லை தெரியாது. லைன் வீட்டில் ஒரே குழாயில் பத்துக் குடும்பம் தண்ணீர் பிடிக்கிறது. அங்கே வந்தது இங்கே வர ஒரு ஈ போதும், கழுவாத ஒரு கை போதும். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீட்டில் பேதி கண்டால் உடனே செவிலியருக்குச் சொல்லுங்கள். குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கலாம், தொட்டிக்குக் குளோரின் போட வேண்டியிருக்கலாம். அவர்களுடைய தண்ணீர் சுத்தமானால் நம்முடைய தண்ணீரும் சுத்தம்.

கடைசியாகக் குடும்ப நலம் பற்றி ஒரு வார்த்தை. நம் பாட்டிமார்கள் எட்டுப் பெற்றார்கள், பத்துப் பெற்றார்கள். 'இரண்டு போனாலும் இரண்டு நிற்கும்' என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. 1980 வாக்கில் உலகத்தில் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பேதியால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். இன்று அது சுமார் நாலரை லட்சமாகக் குறைந்திருக்கிறது. பிறந்த பிள்ளை நிச்சயம் நிலைக்கும் என்ற தைரியம் வந்த பிறகுதான் தம்பதிகள் அளவான குடும்பம், போதிய இடைவெளி என்று நிம்மதியாகத் திட்டமிட முடிகிறது. பெற்ற ஒன்றிரண்டையும் நல்லபடியாக வளர்ப்பதில்தான் குடும்ப நலம் நிற்கிறது. நமக்கு வந்த அந்தத் தைரியம் பக்கத்து வீட்டு வெளியூர்த் தம்பதிக்கும் வர வேண்டாமா?

வீட்டுக்குப் போனதும் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். கணவன் ஒருமுறை, மனைவி ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கிப் பாருங்கள். ருசி நாக்குக்குப் பழகட்டும், அளவு கைக்குப் பழகட்டும். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குச் சொல்லிக் கொடுங்கள். செவிலியரிடம் வாங்கி வைக்கும் இரண்டு பொட்டலத்தில் ஒன்று நம் குழந்தைக்கு, ஒன்று முன்பின் தெரியாத யாரோ ஒருவர் குழந்தைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இருக்கிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்க. மேஜை மேல் போசியும் ஸ்பூனும் இருக்கிறது. முதலில் ஒரு ஜோடி முன்னால் வந்து கலக்கிக் காட்டட்டும், எல்லோரும் பார்ப்போம்.